மல்லாட்டைக்குள் ஒரு வெளியுறவுத் துறை

இரும்பை மாகாளேஸ்வரர் கோயில் லிங்கம் முழுசாக இல்லை. மூன்றாகப் பிளந்து, செப்புத் தகட்டால் கட்டுப்போட்டு நிற்கிறது. காரணம் கேட்டால் கடுவெளிச் சித்தர் கதையைச் சொல்வார்கள். பஞ்சம் தீர மழை கொண்டுவந்த சித்தர், கோயில் விழாவில் ஆடிய பெண்ணின் சிலம்பு கழன்று விழுந்ததைப் பார்த்து, எடுத்து அவள் காலிலேயே மாட்டிவிட்டாராம். கூட்டம் கைகொட்டிச் சிரித்ததாம். சித்தருக்கு வந்த கோபத்தில் லிங்கம் வெடித்துச் சிதறியது. சில்லு விழுந்த மண்ணில் புல்லும் முளைக்காது என்று சாபம் விழுந்தது. மன்னன் காலில் விழுந்து கெஞ்ச, சித்தர் கொஞ்சம் இறங்கி வந்தார்: தூர தேசத்திலிருந்து ஆட்கள் வருவார்கள், அவர்கள் கையால் இந்த மண் திரும்பப் பச்சையாகும்.

ஞானசம்பந்தர் பாடிய இந்தத் தலத்தின் கதையில், பிற்பாதியைப் பக்கத்து ஆரோவில்காரர்கள் ரொம்ப ஆசையாகச் சொல்வார்கள். 1968 பிப்ரவரி 28 அன்று 124 நாடுகளின் மண்ணைத் தாழியில் கொட்டித் தொடங்கிய நகரம் அது. மழை அரித்துக் கிழித்த செம்மண் மேட்டில் அவர்கள் மரம் வைத்ததும் உண்மை. அந்தப் பிற்பாதி 1968-க்கு முன்பே கதையில் இருந்ததா என்று மட்டும் கேட்கக்கூடாது. சித்தர் விஷயத்தில் தேதி கேட்பது மரியாதை இல்லை.

ஆனால் இந்த வட்டாரத்துக்குத் தூர தேசம் வந்த வழிகள் இன்னும் சில உண்டு. அவற்றுக்குச் சித்தர் வாக்கு எதுவும் கிடையாது. ஏரிக்கரையை உயர்த்தும் பணமாக வந்தது. பால் பவுடர் மூட்டையாக வந்தது. மல்லாட்டையில் எத்தனை பங்கு நஞ்சு இருக்கலாம் என்ற எண்ணாகவும் வந்தது. மூன்றையும் அனுப்பியது ஒரே முகவரி: பெல்ஜியத் தலைநகர் பிரசெல்ஸ், ஐரோப்பிய ஒன்றியம்.

மல்லாட்டை என்றால் நிலக்கடலை. மணிலாக்கொட்டை மருவி மல்லாக்கொட்டையாகி, விழுப்புரம் பக்கம் மல்லாட்டையாக நின்றுவிட்டது. பெயரிலேயே ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைச் சுமந்து திரியும் பயிர்.

ஐரோப்பிய ஒன்றியம் இன்று 27 நாடுகளின் கூட்டு. சுமார் 45 கோடி மக்கள். 24 ஆட்சி மொழிகள். தனக்கென்று ராணுவம் இல்லை. அப்படிப்பட்ட ஒரு கூட்டணி, ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் தெற்காசியாவிடம் எப்படி வெளியுறவுக் கொள்கை நடத்துகிறது?

இதைப் புரிந்துகொள்ள நம்மூர்ப் பங்காளி வீடு ஒன்றை நினைத்துக்கொண்டால் போதும். நல்லது கெட்டதுக்கு யார் வீட்டுக்குப் போவது, யாரோடு பேச்சை முறித்துக்கொள்வது என்றால் அத்தனை பங்காளியும் தலையாட்ட வேண்டும். ஒருவர் முறுக்கிக்கொண்டாலும் காரியம் நின்றுவிடும். ஆனால் குடும்பத்துக்குக் கடைத்தெருவில் ஒரு பெரிய கடை இருக்கிறது. அதன் சாவி மட்டும் ஒரே ஆள் கையில். ஒன்றியத்தின் சட்டமும் ஏறக்குறைய இப்படித்தான். வெளியுறவு, பாதுகாப்பு விஷயங்களில் 27 நாடுகளும் ஒருமனதாக இசைய வேண்டும். உக்ரைன் விஷயத்தில் ஹங்கேரி ஒரே நாடாக நின்று மற்றவர்களைத் தடுத்தது செய்தி படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். வணிகம் அப்படி இல்லை. வரி எவ்வளவு, எந்தச் சரக்கு உள்ளே வரலாம், எது திரும்பிப் போக வேண்டும் என்பதை எல்லா நாடுகளின் சார்பிலும் ஐரோப்பிய ஆணையமே பேசுகிறது. பெரும்பான்மை இருந்தால் முடிந்தது.

அதனால்தான் பிரசெல்ஸ் வாயால் சொல்லத் தடுமாறுவதைக் கடைவாசலில் சொல்லிவிடுகிறது. தெற்காசியாவுக்கு ஒன்றியத்தின் வெளியுறவுத் துறை என்பது பெரும்பாலும் அந்த வாசல்தான்.

திண்டிவனம், விழுப்புரம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களை ஊரில் யாரும் அந்தப் பெயரால் சொல்வதில்லை. கமிட்டி என்றால் தெரியும். பங்குனி, சித்திரையில் மார்கழிப் பட்டத்து மல்லாட்டை வரும்போது கமிட்டி வாசலில் மினி வேன்கள் வரிசை கட்டும். மூட்டைக்கு 80 கிலோ. குவியலுக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளி, நாலு காயைக் காதருகே குலுக்கிப் பார்ப்பார் வியாபாரி. கலகலவென்று சத்தம் வந்தால் காய்ந்திருக்கிறது. மந்தமாக இருந்தால் ஈரம். இரண்டை நசுக்கி, பருப்பின் தோலை விரலால் உரித்துப் பார்ப்பார்.

"ஈரம் இருக்குதே."

"நாலு நாள் வெயில்ல கெடந்த காய் மொதலாளி. இன்னும் எவ்வளவு காயணும்?"

பதில் வராது. மறைமுக ஏலச் சீட்டில் விலையாக வரும்.

அந்தக் குலுக்கலில் வியாபாரி தேடுவது எடையும் எண்ணெய்ப் பிடிப்பும். பிரசெல்ஸ் தேடுவது வேறு. ஈரம் நிற்கும் பருப்பில் ஒரு பச்சைமஞ்சள் பூஞ்சணம் வளரும். ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்று பெயர். அது சுரக்கும் நஞ்சு அஃப்லடாக்சின். கல்லீரலைத் தாக்கும், புற்றுநோயைக் கொண்டுவரும். வறுத்தாலும் முழுசாகப் போகாது. கண்ணுக்குத் தெரியும் பூஞ்சணத்தைப் பொறுக்கி எறியலாம். தெரியாததை என்ன செய்வது?

நேரடியாக மனிதர் தின்னப் போகும் நிலக்கடலையில் ஒன்றியம் அனுமதிக்கும் அஃப்லடாக்சின் மொத்த அளவு கிலோவுக்கு 4 மைக்ரோகிராம். நூறு கோடியில் நாலு பங்கு. கமிட்டிக் கணக்கில் சொன்னால் 12,500 மூட்டைக்கு 4 கிராம். நூறு லாரிச் சரக்கில் ஒரு தேக்கரண்டிகூட நிறையாத உப்பு. அங்கே போய் மறுபடி தரம் பிரித்துப் பதப்படுத்தப் போகும் கடலை என்றால் 15 வரை விடுவார்கள். 1990-களின் கடைசியில் ஒன்றியம் முதலில் எழுதிய வரைவில் இதுவும் 10 ஆகத்தான் இருந்தது. இந்தியா உட்பட ஏற்றுமதி நாடுகள் சத்தம் போட்ட பிறகே 15-க்கு இறங்கி வந்தார்கள். பன்னாட்டு உணவுத் தரக் குழுவான கோடெக்சின் அளவும் அதுவே.

எண்ணைவிடப் பெரிய தலைவலி சோதனை. நஞ்சு சரக்கு முழுவதும் சமமாகப் பரவி இருப்பதில்லை. ஆயிரம் பருப்பு சுத்தமாக இருக்கும், ஒரே ஒரு பருப்பில் மொத்தமும் குடியிருக்கும். அதனால் ஒரு கண்டெய்னரில் பல இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, 20 கிலோ வரை சேர்த்து அரைத்துப் பார்க்கிறார்கள். இங்கே கிளம்பும்போது தேறிய சரக்கு அங்கே போய்த் தோற்கலாம். தோற்றால் உணவு எச்சரிக்கை வலைப்பின்னல் வழியாக 27 நாடுகளுக்கும் உடனே தகவல் போய்விடும். ஒருவர் தோற்பது அத்தோடு நிற்பதில்லை. இந்தியக் கடலைக்கென்று தனிச் சோதனை விகிதம் வைத்திருக்கிறார்கள், தோல்வி கூடினால் விகிதமும் கூடும். இந்திய அரசின் வேளாண் ஏற்றுமதி அமைப்பான அபீடா, ஐரோப்பாவுக்குப் போகும் கடலையை ஆலை வரை பின்தொடர ஒரு கணினிப் பதிவு முறையையே வைத்திருக்கிறது.

இதெல்லாம் ஏழை நாட்டைத் தள்ளி வைக்கும் தந்திரம் என்று ஒரே வரியில் முடித்துவிடுவது சுலபம். பாதி உண்மையும்கூட. உலக வங்கி ஆய்வாளர்கள் 2001-இல் ஒரு கணக்குப் போட்டார்கள். ஒன்றியத்தின் கடும் அளவால் ஆப்பிரிக்க நாடுகள் தானியம், கொட்டை, உலர்பழ ஏற்றுமதியில் ஆண்டுக்கு 67 கோடி டாலர் இழக்கும். அதனால் காப்பாற்றப்படும் உயிர் ஆண்டுக்கு நூறு கோடிப் பேரில் ஒன்றரைகூட இல்லை. மறுபாதியும் இருக்கிறது. 1960-இல் இங்கிலாந்துப் பண்ணைகளில் ஒரு லட்சம் வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்து விழுந்தன. தீவனத்தில் இருந்த கடலைப் பிண்ணாக்கைத் துருவியபோதுதான் அஃப்லடாக்சின் என்ற ஒன்றே உலகத்துக்குத் தெரிந்தது. நம் நாட்டில் 1974-இல், ராஜஸ்தான், குஜராத் எல்லைப் பழங்குடி ஊர்களில் பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளத்தைத் தின்று 106 பேர் இறந்தார்கள். நஞ்சு கற்பனை இல்லை. சண்டை எல்லாம் எங்கே கோடு கிழிப்பது, யார் கிழிப்பது என்பதில்.

அந்தக் கோட்டைக் கிழிக்கும் அறையில் திண்டிவனத்துக்கு நாற்காலி இல்லை. மல்லாட்டை ரகங்களுக்கே தன் பெயரைக் கொடுத்த ஊர் இது. இந்தியா முழுக்க விதைக்கப்பட்ட டிஎம்வி ரகங்களில் டிஎம்வி என்பது திண்டிவனத்தின் சுருக்கம். 1940-இல் வந்த டிஎம்வி 2 இன்றும் ஆந்திரா, கர்நாடகா விவசாயிகளுக்குப் பழக்கமான பெயர். ஆனால் விற்பனை வேறு பக்கம் திரும்பிவிட்டது. இந்தியக் கடலையை இன்று அதிகம் வாங்குவது இந்தோனேசியா, வியட்நாம் போன்ற தென்கிழக்கு ஆசிய நாடுகள். ஐரோப்பாவின் பங்கு சிறியது. சரி, அங்கே தொல்லை இல்லை என்று நினைத்தபோது, 2025 செப்டம்பரில் இந்தோனேசியாவும் அஃப்லடாக்சினைக் காரணம் காட்டி இந்தியக் கடலையை நிறுத்தி வைத்தது. ஒன்றியம் வைக்கும் அளவுகோல் கொஞ்சம் கொஞ்சமாக உலகத்தின் அளவுகோலாகிவிடும் இந்த வழக்கத்துக்குச் சட்டப் பேராசிரியர் அனு பிராட்ஃபோர்ட் 'பிரசெல்ஸ் விளைவு' என்று பெயர் வைத்திருக்கிறார். பீரங்கி தேவையில்லை. வாசலில் ஒரு தராசு போதும்.

பீரங்கி இருந்த காலமும் இந்த மண்ணுக்குத் தெரியும். இரும்பையிலிருந்து புதுச்சேரி பத்துக் கிலோமீட்டர்தான். பிரெஞ்சு ஊரும் பிரிட்டிஷ் ஊரும் சட்டைத் துணியில் போட்ட ஒட்டுப்போல் கலந்து கிடந்த நாட்டுப்புறம் இது. ஒரு வயலில் வெள்ளைக்காரன் சட்டம், வரப்பு தாண்டினால் பிரெஞ்சுக்காரன் சட்டம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் தென்னார்க்காட்டு மல்லாட்டை வண்டி வண்டியாகப் புதுச்சேரிக்குப் போய், மார்செய் துறைமுகத்தில் இறங்கி, எண்ணெயாகவும் சோப்பாகவும் மாறியது. விழுப்புரம்–புதுச்சேரி ரயில் பாதை 1879-இல் திறந்ததும் வண்டிமாட்டுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைத்தது. அப்போது மார்செய் சோப்பு ஆலைக்காரர் கேட்டது எண்ணெய்ப் பிடிப்பு மட்டும். பூஞ்சணத்தைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. சோப்பை யார் தின்னப் போகிறார்கள்?

சட்டப் புத்தகத்தில் ஒரு விநோதமும் உண்டு. புதுச்சேரி 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவின் கைக்கு வந்துவிட்டது. ஆனால் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டு, சட்டப்படி அது இந்திய மண்ணானது 1962 ஆகஸ்ட் 16 அன்று. நடுவில், 1958 ஜனவரி 1 அன்று, இன்றைய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் பிறந்தது. அதில் பிரான்ஸ் நிறுவன உறுப்பினர். அந்த நாலரை ஆண்டு, காகிதத்தில் பார்த்தால், ஐரோப்பியக் கூட்டணி நாடு ஒன்றின் கொடி மரம் இரும்பைக்குக் கூப்பிடு தூரத்தில் நட்டிருந்தது. அதே 1962-இல்தான் இந்தியா அந்தச் சமூகத்தோடு தூதரக உறவு வைத்துக்கொண்டது.

இன்றும் ஒன்றியம் நமக்கு அத்தனை தூரத்து ஆள் இல்லை. மடகாஸ்கருக்குக் கிழக்கே இருக்கும் ரெயூனியன் தீவு பிரான்சின் பகுதி. ஆகவே ஒன்றியத்தின் பகுதி. அங்கே காசு யூரோ. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறியவர்களின் வாரிசுகள் அங்கே இன்றும் தீ மிதிக்கிறார்கள், காவடி எடுக்கிறார்கள். 'மலபார்' என்று அவர்களுக்குப் பெயர் வந்தது வேறு கதை. 2021 செப்டம்பரில் ஒன்றியம் இந்தோ-பசிபிக் வியூகம் என்று ஒன்றை வெளியிட்டபோது, நாங்களும் இந்தக் கடல்காரர்களே என்று சொல்ல இப்படிப்பட்ட தீவுகள் கைகொடுத்தன. 2008 டிசம்பரிலிருந்து சோமாலியக் கடற்கொள்ளையரை விரட்ட ஒன்றியக் கொடியின் கீழ் போர்க்கப்பல்கள் இந்தப் பெருங்கடலில் சுற்றுகின்றன.

சரி, வாசலை வைத்துக்கொண்டு ஒரு நாட்டின் நடத்தையை மாற்ற முடியுமா? இந்தக் கேள்விக்குத் தமிழருக்கு மிக நெருக்கமான பரிசோதனைக் களம் இலங்கை. அங்கே ஒன்றியம் இரண்டு முறை கதவைச் சாத்திப் பார்த்தது. இரண்டுக்கும் கிடைத்த பலன் ஒன்றல்ல.

முதலாவது ஜிஎஸ்பி பிளஸ். வளரும் நாடுகளின் சரக்குக்கு வரியைத் தள்ளுபடி செய்யும் சலுகை இது. பதிலுக்கு மனித உரிமை, தொழிலாளர் உரிமை உள்ளிட்ட 27 பன்னாட்டு உடன்படிக்கைகளை அந்த நாடு மதிக்க வேண்டும். இலங்கை ஆடை ஆலைகள் இந்தச் சலுகையில் செழித்தன. 2009 மே மாதம் போர் முடிந்தது. சித்திரவதைத் தடை, குழந்தை உரிமை, குடிமை அரசியல் உரிமை ஆகிய மூன்று உடன்படிக்கைகளைக் கொழும்பு கடைப்பிடிக்கவில்லை என்று சொல்லி 2010 ஆகஸ்டில் ஒன்றியம் சலுகையைப் பறித்தது. மகிந்த ராஜபக்ச அரசு அசையவில்லை. ஆட்சி மாறி, வாக்குறுதிகள் எழுதிக் கொடுத்த பின், 2017 மே மாதம் சலுகை திரும்பியது. வாக்குறுதிகளில் முக்கியமானது 1979-இன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை மாற்றுவது. மாறவில்லை. 2021 ஜூனில் ஐரோப்பிய நாடாளுமன்றம் சலுகையை மறுபடி யோசிக்கச் சொல்லித் தீர்மானம் போட்டது. 2022 மார்ச்சில் கொழும்பு அந்தச் சட்டத்தில் சில திருத்தங்களைச் செய்தது. சட்டம் நீங்காமல் நின்றது. சலுகையும்.

இரண்டாவது மீன். கண்காணிப்புக் கருவி இல்லாத படகுகள் பன்னாட்டுக் கடலில் கணக்கில்லாமல் சூரை பிடிக்கின்றன என்று குற்றம் சாட்டி, 2015 ஜனவரியிலிருந்து இலங்கை மீனுக்கு ஒன்றியம் கதவைச் சாத்தியது. கொழும்பு சட்டத்தைத் திருத்தியது, அபராதத்தை ஏற்றியது, ஆழ்கடல் படகுகளில் செயற்கைக்கோள் கருவிகளை மாட்டியது. 2016 ஜூனில் தடை நீங்கியது. ஒன்றரை ஆண்டு வேலை.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்களுக்கு ஒன்றியத்தின் பலமும் பலவீனமும் சேர்ந்தே தெரியும். படகில் கருவி மாட்டு என்றால் எந்த அரசும் மாட்டிவிடும், செலவு மட்டும்தான். யாரை எப்போது பிடித்து உள்ளே வைக்கலாம் என்ற அதிகாரத்தைக் கொடு என்றால் கொடுக்காது. உள்ளாடைக்கும் சட்டைக்கும் பத்து விழுக்காடு வரி கூடும் என்பதற்காக எந்த ஆட்சியாளரும் தன் பிடியை விட்டதாகச் சரித்திரம் இல்லை. வரி கூடினால் வேலை போவது தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு. அவருக்கும் பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்கும் என்ன சம்பந்தம்?

அரசியல் பக்கம் போனபோது ஒன்றியம் தன் காலிலேயே இடறிக்கொண்டதும் உண்டு. 2006 மே மாதம் விடுதலைப் புலிகளைப் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்தார்கள். நார்வே நடுவில் நின்று நடத்திய சமாதான முயற்சி ஏற்கெனவே ஊசலாடிக்கொண்டிருந்தது. பட்டியல் வந்ததும், போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவிலிருந்து ஒன்றிய நாட்டவர்களான சுவீடன், டென்மார்க், பின்லாந்துக்காரர்கள் வெளியேற வேண்டும் என்று புலிகள் கேட்டார்கள். அவர்கள் கிளம்பியபின் மிஞ்சியது நார்வேயும் ஐஸ்லாந்தும். பல ஆண்டுகள் கழித்து, 2014 அக்டோபரில், ஒன்றியத்தின் பொது நீதிமன்றமே அந்தப் பட்டியல் முடிவு சரியான ஆதாரத்தின் மேல் நிற்கவில்லை என்று ரத்து செய்தது. 2017-இல் மேல் நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. ஆனால் இடையில் பிறந்த புது உத்தரவுகளால் தடை தொடர்ந்தது. வழக்கில் வென்றும் பட்டியலில் இருக்கும் இந்த நிலையை விளக்கப் பிரசெல்ஸ் வழக்கறிஞர்களுக்கே மூச்சு வாங்கும்.

வாசல் உள்பக்கமும் திறக்கும். கொடுத்த கைகளையும் சொல்லாமல் விட்டால் கணக்கு நேராகாது.

1970-இல் ஐரோப்பாவில் பால் வழிந்துகொண்டிருந்தது. விவசாயிக்கு உறுதி விலை கொடுத்ததில் வெண்ணெய் மலையாகக் குவிந்து, பால் பவுடர் கிடங்கில் மூச்சுமுட்டியது. எங்காவது தள்ள வேண்டும். இந்தியப் பால் கூட்டுறவுகளின் முன்னோடி வர்கீஸ் குரியன் அதைக் கேட்டு வாங்கினார். ஆனால் சும்மா விநியோகிக்கவில்லை. உலக உணவுத் திட்டத்தின் வழியாக வந்த 1,26,000 டன் பால் பவுடரையும் 42,000 டன் வெண்ணெய் எண்ணெயையும் கரைத்துப் பாலாக்கி, சென்னை உள்ளிட்ட நாலு பெருநகரங்களில் உள்ளூர் விலைக்கே விற்று, கிடைத்த பணத்தில் கிராமக் கூட்டுறவுகளைக் கட்டினார். வெண்மைப் புரட்சி என்று பள்ளிப் பாடத்தில் வருவதன் முதல் முதலீடு ஐரோப்பாவின் வேண்டாத சரக்கு. வானூர் வட்டாரத்தில் விடியற்காலை தூக்குச்சட்டியோடு பால் சொசைட்டி வாசலில் நிற்பவர்களுக்கு அந்த மூட்டைகளைப் பற்றித் தெரிந்திருக்க நியாயமில்லை. இலவசம் வந்தால் உள்ளூர் விலை விழும், விவசாயி மாட்டை விற்றுவிடுவான் என்ற பயம் அப்போதே இருந்தது. விழாமல் பார்த்துக்கொண்டதுதான் குரியனின் கெட்டிக்காரத்தனம்.

ஏரி இன்னொரு கதை. 1984-இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் நிதியில் தமிழ்நாட்டு ஏரிகளைச் சீரமைக்கும் திட்டம் தொடங்கியது. முதல் கட்டத்தில் 150 ஏரிகள். மதகு பழுது பார்த்தார்கள், பாசன வாய்க்காலுக்கு சிமெண்ட் பூசினார்கள். அடுத்து 1999-இலிருந்து 2008 வரை புதுச்சேரிப் பகுதியின் 84 ஏரிகளுக்கு ஒன்றியம் பணம் கொடுத்தது. இந்த முறை பாடம் கற்றிருந்தார்கள்: ஊர்க்காரர் சங்கம் முதலில், தூர்வாரல் பிறகு. ஏரிக்கு மாநில எல்லை தெரியாது என்பதுதான் சிக்கல். ஊசுட்டேரி பாதி புதுச்சேரியில், பாதி விழுப்புரம் மாவட்டத்தில். வரத்து வாய்க்கால் ஒரு அரசின் கையில், கலங்கல் இன்னொரு அரசின் கையில் என்றால் பிரசெல்ஸ் பணம் எந்தக் கரையில் நின்றுவிடும் என்று ஊகித்துக்கொள்ளலாம். இரும்பை ஏரிக்கரையில் நின்று தெற்கே பார்த்தால் அந்தத் திட்டத்தின் எல்லை கண்ணுக்கெட்டும் தூரம்தான்.

இப்போது வாசலில் புதுப் பலகை மாட்டியிருக்கிறார்கள். இந்தியாவும் ஒன்றியமும் தடையற்ற வணிகப் பேச்சை 2007-இல் தொடங்கின. கார், மது, மருந்துக் காப்புரிமை என்று இழுத்து இழுத்து 2013-இல் படுத்துவிட்டது. 2022-இல் எழுப்பினார்கள். 2025-இல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 விழுக்காடு வரி போட்டதும் இரண்டு தரப்புக்கும் திடீரென்று நேரம் கிடைத்தது. 2026 குடியரசு நாள் விழாவுக்கு ஒன்றியத் தலைவர்கள் உர்சுலா வான் டெர் லயனும் அன்டோனியோ கோஸ்டாவும் வந்தார்கள். மறுநாள், ஜனவரி 27 அன்று, பேச்சு முடிந்ததாக அறிவிப்பு வந்தது. அறிவிப்போடு முடிந்துவிடாது. 24 மொழிகளில் பெயர்த்து, கையெழுத்தாகி, ஐரோப்பிய நாடாளுமன்றம் ஒப்ப வேண்டும்.

நடைமுறைக்கு வந்தால் திருப்பூருக்கு லாபம். 2001-இலிருந்து வங்கதேசத்துப் பனியன் வரியில்லாமல் ஐரோப்பாவுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. திருப்பூர்ப் பனியன் 9 முதல் 12 விழுக்காடு வரை வரி கட்டி அதன் பக்கத்தில் நின்று விலை பேச வேண்டியிருக்கிறது. ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோலுக்கும் நல்ல காலம். பாலை மட்டும் இந்தியா பேச்சுக்கே வைக்கவில்லை. ஒரு காலத்தில் ஐரோப்பியப் பவுடரில் பால் கரைத்த நாடு, இன்று ஐரோப்பியப் பாலாடைக்கட்டிக்குக் கதவைச் சாத்தி வைத்திருக்கிறது. இதற்கிடையில், 2026 ஜனவரி முதல் எஃகு, அலுமினியம் போன்ற சரக்குக்குக் கரிம வரி என்று ஒன்றியம் இன்னொரு தராசை வாசலில் வைத்துவிட்டது. மரக்காணம் பக்கத்து இறால் பண்ணைகளுக்கும் தராசு பழக்கமானது. 2016-இலிருந்து, ஐரோப்பாவுக்குப் போகும் இந்தியப் பண்ணை இறாலில் பத்துக்கு ஒன்றைச் சோதித்த இடத்தில் இரண்டுக்கு ஒன்றைச் சோதித்தார்கள். காரணம் மருந்து எச்சம்.

மல்லாட்டைக்கு இந்த ஒப்பந்தத்தில் என்ன கிடைக்கும்? ஒன்றும் இல்லை. ஏனென்றால் நிலக்கடலைக்கு ஐரோப்பாவில் இறக்குமதி வரியே கிடையாது. 1960-களின் தொடக்கத்தில் நடந்த பன்னாட்டு வரிப் பேச்சில், தன் கால்நடைக்குத் தீவனமும் ஆலைக்கு எண்ணெயும் வேண்டும் என்பதற்காக, எண்ணெய்வித்துக்கு வரி இல்லை என்று ஐரோப்பா எழுதிக் கொடுத்துவிட்டது. அறுபது ஆண்டாகக் கதவு திறந்தே கிடக்கிறது. நிற்பது தராசு மட்டும்.

அந்தத் தராசில் தேற வேண்டுமானால் வேலை முழுக்க இந்தப் பக்கம். காய் முற்றும் கடைசி மூன்று வாரம் தண்ணீர் தட்டினால் நிலத்துக்குள்ளேயே பூஞ்சணம் ஏறிவிடும். பிடுங்கிய கொடியைக் காய் மேல்நோக்கி இருக்கும்படி கவிழ்த்துப் போட வேண்டும். களத்தில் சாணி மெழுகிய தரையைவிடத் தார்ப்பாய் மேல். உடைக்கிற மெஷினில் பருப்பு இரண்டாகாமல் இருக்கவும் எடை கொஞ்சம் ஏறவும் காயின் மேல் தண்ணீர் தெளிக்கும் பழக்கம்தான் பெரிய கெடுதல். நாலு நாள் காய வைத்ததை நாலு குடம் தண்ணீர் கெடுத்துவிடும். ஈரம் எட்டு விழுக்காட்டுக்குக் கீழே இறங்கியதா என்று காட்டும் கைக்கருவி இருக்கிறது. குலுக்கிப் பார்க்கும் காதுக்கு அந்த நுணுக்கம் எட்டாது.

ஆலைக் கொட்டகையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பருப்பு ஆய்கிறார்கள். முறம் ஒரு பக்கம், கழிவு டப்பா ஒரு பக்கம். சுருங்கியது, நிறம் மாறியது, தோலில் கீறல் விழுந்தது என்று விரல் பேச்சைவிட வேகமாக ஓடுகிறது. நூறு கோடியில் நாலு பங்கு என்ற கணக்கு அவர்களிடம் யாரும் சொன்னதில்லை. கறுத்த பருப்பு ஒன்று டப்பாவில் விழும் சத்தம் கேட்கிறது. கூலி கிலோ கணக்கில்.